இரண்டே சொல்லில் ஒற்றைப்படை

சுருக்குவார் என்றோர் இனம் உண்டு. எங்கள் மலையில் தேயிலைக்கு அடுத்தபடி செழித்து வளர்வது அதுதான். வேலையைச் சுருக்குகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். வேலை எவ்வளவு நீண்டாலும் அவருக்குக் கவலையில்லை. அதைச் செய்யச் சொல்லும் வாக்கியம் சுருங்க வேண்டும். அவ்வளவுதான்.

அக்கரப்பத்தனை இராமையாவைப் பாருங்கள். பிரஜாவுரிமை மனுவையே 'நாங்க இங்கதான்' என்று இரண்டு சொல்லில் முடிக்கச் சொன்ன மனிதர். பரிசத் தட்டுகள் ஒற்றைப்படையில் போகவேண்டும். எண்ணிப் பார்த்தால் தீர்ந்தது; எழுத்தறியாத நானே எண்ணிவிடுவேன். அவர் எண்ணுவாரா? 'தட்டுகளை இரண்டிரண்டாக ஒதுக்கு, ஒன்று மிஞ்சினால் ஒற்றை' என்று ஊர் சொன்னதை, காலைப் பெரட்டில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க நின்றபடியே மூன்று நாள் யோசித்து, 'சோடி சேர், மிச்சம் பார்' என்று நாலு சொல்லுக்கு இறக்கினார். எதிர்வீட்டு ஆண்டியப்பன் விடுவாரா? 'கடைசி ஆள் தனியா?' என்றார். மூன்றே சொல்! பெண்கள் இரண்டிரண்டு பேராகத் தட்டேந்தி வருவார்கள். வாலில் ஒருத்தி தனித்து வந்தால் ஒற்றை. இராமையாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கூவினார்: "கடைசியைப் பார்!"

இரண்டு.

அதை நம்பித்தான் அவர் மகன் செல்லசாமியின் பரிசம் புறப்பட்டது. வழிநெடுக அத்தைமாரும் சித்திமாரும் ஆளுக்கொரு தட்டோடு வந்து சேர்ந்துகொண்டார்கள்.

"ஒருவாட்டி எண்ணிப்புடுவோமாண்ணே?" என்றாள் ஒருத்தி.

"அட போம்மா! கடைசியப் பாரு. தனியா வாராளா? ஒத்தப்படை!"

தனியாகத்தான் வந்தாள். தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. முதலில் வந்தவளும் தனியாகத்தான் வந்தாள், நடுவில் வந்தவளும் தனியாகத்தான் வந்தாள்.

பெண்வீட்டு வாசலில் மணப்பெண் லெட்சுமியின் அப்பாயி காளியாயி விரல் மடக்கி எண்ணினாள். பன்னிரண்டு.

"ரெட்டப்படையிலயா பரிசம்? திரும்பிப் போங்க!"

"ஆத்தா..." என்றான் செல்லசாமி. இரண்டு வருடம் இந்த நாளுக்காகக் காத்திருந்தவன்.

"நான் சொன்னா சொன்னதுதான்."

"என் முறையில ஒரு சொல்லு கூடுதல். அதான் பத்திரம்" என்று ஆண்டியப்பன் ஆரம்பித்தார்.

"அந்த ஒரு சொல்லு தண்டம்யா!" என்று இராமையா பாய்ந்தார். கல்யாணமே கைநழுவிக்கொண்டிருக்க, தட்டை எண்ண மறுத்தவர்கள் சொல்லை எண்ணினார்கள்!

அதற்குள் வீட்டுக்குள்ளிருந்த ஒருத்தி வெற்றிலையை ஒரு தட்டில் குவித்தாள். அடுப்படி வழியாக நழுவினாள். லயத்து வீடுகளைச் சுற்றி ஓடிவந்து வரிசையின் வாலில் நின்றாள். லெட்சுமி! தன் பரிசத்துக்குத் தானே தட்டேந்தி வந்த பெண்ணை இந்த மலை அதுவரை கண்டதில்லை.

"இப்ப எண்ணுங்க அப்பாயி."

காளியாயி எத்தனை நேரம்தான் உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பாள்? சிரித்துவிட்டாள். "பதிமூணு! உள்ள வாடி, மாப்பிள வீட்டுக்காரி!"

"பாத்தீங்களா? கடைசியப் பாருன்னு அப்பவே சொன்னேன்ல!" என்றார் இராமையா.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். மறைக்காமல் ஒன்று மட்டும் சொல்லுங்கள். இதை நாலு வரியில் முடித்திருக்கலாமே என்று உங்களுக்கு நடுவில் தோன்றவில்லையா? எந்த வரியை வெட்டலாம் என்று கை பரபரக்கவில்லையா? அப்படியானால் வெட்கப்படாமல் பந்திக்கு வாருங்கள். இராமையாவுக்குப் பக்கத்து இலை உங்களுக்குத்தான்.