குழாயை ரிப்பேர் செய்ததற்கு மன்னிப்பு

பேரன்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மச்சான் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கச்சியும் நலம். உங்கள் ஆராய்ச்சிக்கூடத்துக் குழாயும் பூரண நலம். பிரச்சினையே அதுதான்.

நீங்கள் கருத்தரங்குக்குக் கிளம்பிய மறுநாள், "அண்ணா, அவர் ஆராய்ச்சி ரூம் ஜன்னலைச் சாத்தாம போயிட்டாரு, மழை வந்தா காகிதமெல்லாம் நனையும், ஒரு எட்டு பார்த்துட்டு வா" என்று தங்கச்சி சாவியைக் கொடுத்தாள். போனேன், சாத்தினேன், திரும்பினால் மூலையில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டு நிற்கிறது. அதுக்குக் கீழே ஒரு விளக்கு, ரெண்டு ஒயர், ஒரு கம்ப்யூட்டர். ஒழுகுற குழாய்க்கு வாளி வைக்கத் தெரியாம கம்ப்யூட்டரை வெச்சிருக்காரே நம்ம மாப்பிள்ளை என்று எனக்குச் சிரிப்பான சிரிப்பு. முப்பது வருஷம் குழாய் வேலை பார்த்தவன் கை சும்மா இருக்குமா? தேய்ந்த வாஷரைக் கழற்றி வீசிவிட்டுப் புதுசு போட்டு இறுக்கினேன். ஒரு சொட்டு இல்லை!

மறுநாள் காலை, உங்களிடம் ஆராய்ச்சி பண்ணும் பொண்ணு வாசலில் நின்று அழுகிறது. "ஏழு வருஷ ஆராய்ச்சி அங்கிள் அது!" கொஞ்சம் திறந்தா சீராச் சொட்டுமாம், இன்னும் திறந்தா ரெண்டு ரெண்டாச் சொட்டுமாம், அதுக்கும் மேல திறந்தா அடுத்த சொட்டு எப்ப விழும்னு யாராலயும் சொல்ல முடியாதாம், ஆனா அந்தத் தாறுமாறுக்குள்ளயும் ஒரு உருவம் ஒளிஞ்சிருக்காம், அதை நீங்க கம்ப்யூட்டர்ல படமா வரைஞ்சு வெச்சிருக்கீங்களாம். சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்னு ஏழு வருஷமா பார்த்துக்கிட்டிருக்கிற மனுஷனுக்கா தங்கச்சியைக் கொடுத்தோம் என்று நினைத்தேன், வெளியே சொல்லலை. ஏன்னா வெள்ளிக்கிழமை மூணு பெரியவங்க வந்து அந்தச் சொட்டை நேர்ல பார்த்தாத்தான் உங்களுக்குப் பேராசிரியர் பதவியாம்.

தங்கச்சி பிடித்துக்கொண்டாள். "நம்ம பாத்ரூம் குழாயைப் பார்க்க ஒரு வருஷமா கூப்பிடுறேன், வரலை. ஒழுக வேண்டிய குழாய்க்கு மட்டும் ஓடிப் போனியா?"

உடனே போய், பிளேடால் புது வாஷரை அங்கங்கே சுரண்டி மாட்டினேன். சொட்டியது. ஆனால் எப்படித் திருகினாலும் கடிகாரம் மாதிரி ஒரே சீர். பொண்ணு கம்ப்யூட்டரைப் பார்த்து மறுபடியும் அழுதது. "ரொம்ப ஒழுங்கா இருக்கு அங்கிள்." என் வேலையை இப்படிக் குறை சொன்ன முதல் ஆள் அதுதான்.

போனில் சொன்னால் மேடையில் உங்களுக்குப் பேச்சு குழறும் என்று தங்கச்சி தடுத்துவிட்டாள். அதனால் இதை உங்கள் மேஜையில் வைக்கிறேன். வியாழக்கிழமை வந்து, சாப்பிட்டு, அப்புறம் படித்துவிட்டுத் திட்டுங்கள். மனசார மன்னிப்புக் கேட்கிறேன். வேணும்னா அந்த மூணு பேர் முன்னாடியும் நானே நின்று குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் உடம்புக்கும் பதவிக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டிக்கொள்ளும்,
மச்சான்.

பி.கு.: கவரை ஒட்டும்போது பொண்ணு போன். "அங்கிள், கெட்டுப்போச்சு!" என்று சந்தோஷத்தில் கத்துகிறது. நான் போட்ட வாஷர் மூணே நாளில் பிய்ந்து, குழாய் தாறுமாறாகச் சொட்டுதாம். உங்க பழைய படமும் இதுவும் அச்சு அசல் ஒண்ணாம். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அந்த மூணு பேர்கிட்ட, குழாய் தானாவே ஒழுகுதுன்னு சொல்லிடுங்க. நான் ரிப்பேர் பண்ணினதுன்னு மட்டும் வாய் தவறிச் சொல்லிடாதீங்க மாப்பிள்ளை, நான் தொழில் நடத்தணும்.