லினக்ஸில் ஓடிய படகு

"படகு ஓடுது மாப்ள. ஆனா சத்தத்தைத்தான் காணோம்" என்றார் பல்செட்காரர்.

"ஓடுதா இல்லையா, அதைச் சொல்லுங்க மச்சான். லினக்ஸ்ல கேம் ஓடாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. இப்ப ஓடுது. முதல்ல அதை ஒத்துக்குங்க" என்றார் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை என்றால் தங்கையின் கணவர். ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பாளர். லினக்ஸைப் பற்றி யாராவது குறைவாகப் பேசினால், பெற்ற பிள்ளையைத் திட்டிவிட்டதுபோல முகம் சுருங்கிவிடும். கம்ப்யூட்டர் கிழண்டுபோய் மூச்சு வாங்குகிறது என்று பல்செட்காரர் வாய்தவறிச் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பென்டிரைவும் கையுமாக வந்து இறங்கியவர், விண்டோஸைத் துடைத்தெடுத்து, அதற்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டார். மதியச் சாப்பாட்டையும் இங்கேயே முடித்துக்கொண்டார்.

பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பல்செட் செய்து கொடுப்பது பல்செட்காரரின் தொழில். முன்னறையில் தொழில். பின்னறையில் கட்டில், அடுப்பு, கம்ப்யூட்டர். கீபோர்டுக்குப் பக்கத்தில் யாருடையதோ ஒரு கீழ்த்தாடை காய்ந்துகொண்டிருந்தது. மனைவியைவிட்டுப் பிரிந்து வந்த நாளிலிருந்து இந்த இரண்டு அறைதான் அவருக்கு வீடு.

ஞாயிறு மாலை நாலு மணிக்கு மட்டும் அவருக்கு ஒரு குடும்பம் உண்டு. தாயோடு இருக்கும் மகள் அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். இவர் இங்கே உட்காருவார். கேமில் இருவருக்கும் ஒரே படகு. ஒருவர் துடுப்புப் போட, மற்றவர் விளக்குப் பிடிக்க, மூடுபனிக்குள் பாறையில் மோதாமல் கரை சேர வேண்டும். ஃபோனில் மகள் அதிகம் பேசுவதில்லை. 'ம்' என்பாள், 'சரிப்பா' என்பாள், வைத்துவிடுவாள். படகில் மட்டும்தான் ஒரு மணி நேரம் கூடவே இருப்பாள். அதுவும் போய்விட்டால் தான் ஒருத்திக்கு அப்பா என்பதே மறந்துபோகும் என்ற பயம் அவருக்கு இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"நாலாகப் போகுது மாப்ள. பாறை பக்கத்துல வந்தா சங்கு ஊதும். அது காதுல விழுந்தாத்தான் துடுப்பைத் திருப்ப முடியும்."

"ஒரே ஒரு கமாண்ட் மச்சான். முடிஞ்சது."

அந்த ஒரே ஒரு கமாண்ட் மூன்று வரிக்கு நீண்டது. மாப்பிள்ளை அதை அடித்து முடித்ததும் சத்தம் வரவில்லை, இருந்த படமும் போய்விட்டது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் கடகடவென்று மேலே ஓடின.

"என்ன மாப்ள இது?"

"உள்ள வேலை நடக்குதுன்னு அர்த்தம். விண்டோஸ்ல இதெல்லாம் உங்களுக்குக் காட்டவே மாட்டாங்க."

"எனக்குக் காட்டவே வேணாமே!"

இரண்டாவது கமாண்டில் படம் திரும்பி வந்தது. ஆனால் யானை அளவில் வந்தது. திரை முழுக்கத் துடுப்பின் நுனி மட்டும் தெரிந்தது, படகு எங்கோ திரைக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது கமாண்டில் அளவு சரியானது. ஆனால் 'உங்கள் கணினி நம்பத்தக்கதல்ல' என்று கேம் அவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டது.

"ஆட்டத்துல ஏமாத்துறவங்களைப் பிடிக்க இதுல ஒரு காவல் புரோகிராம் இருக்கு மச்சான். அதுக்கு லினக்ஸைக் கண்டாலே சந்தேகம்."

"நான் யாரை ஏமாத்தினேன்? எத்தனை பேரு நான் செஞ்ச பல்லுலதான் சிரிச்சிட்டிருக்காங்க தெரியுமா?"

"உங்களைச் சொல்லல மச்சான், லினக்ஸைச் சொல்லுது. நானே பொறுத்துக்கிறேன். நீங்களும் கொஞ்சம் பொறுத்துக்குங்க."

நாலு மணி தாண்டிவிட்டது. பல்செட்காரர் எழுந்தார், உட்கார்ந்தார், காய்ந்த தாடையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

"வீட்டு நம்பருக்கு ஃபோன் போட்டு, லேட்டாகும்னு சொல்லிடுங்களேன்" என்றார் மாப்பிள்ளை.

"அவ அம்மா எடுத்துட்டா?"

மாப்பிள்ளை மறுபடி கீபோர்டுக்குத் திரும்பினார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் கமாண்ட்தான். வேறொரு வெர்ஷனை இறக்கினார், இறக்கியதை இன்னொன்றின் வழியாக ஓடவிட்டார், ஓடியதை மறுபடி நிறுத்தி ஓடவிட்டார். ஒருவழியாகக் கேம் திறந்தது.

மூடுபனிக்கு நடுவே படகு நின்றிருந்தது. அதில் மகளுக்குரிய பொம்மை உருவம் விளக்கைப் பிடித்தபடி தனியாக நின்றிருந்தது. திரையின் அடியில் எழுத்து வந்தது.

'வந்தாச்சா? அவசரமில்ல. மெதுவா ஏறுங்க.'

"பாத்தீங்களா மாப்ள, இவ்ளோ நேரம் எனக்காக நின்னிருக்கா" என்றார் பல்செட்காரர்.

படகில் ஏறும் நேரத்தில் திரைக்கு நட்டநடுவில் ஓர் அறிவிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

"இதென்ன குறுக்க?"

"மைக்ல பேசணும்னா ஒரு பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கணுமாம். அந்தப் பட்டன் லினக்ஸ்ல வேலை செய்யலன்னு சொல்லுது."

"நாங்க எங்க பேசறோம்? பேசினா பக்கத்து ரூம்ல அவ அம்மாவுக்குக் கேட்டுடும்னு டைப்தான் பண்ணுவா. அதைத் தூக்கிப் போடுங்க."

மாப்பிள்ளை ஏதோ ஒரு கட்டத்தில் டிக் போட்டார். அறிவிப்பு மறைந்தது. "இனிமே பட்டனே வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றார்.

படகு கிளம்பியது. சத்தம் இல்லாததால் சங்கு ஊதியது கேட்கவில்லை. முதல் பாறையிலேயே மோதிப் படகு கவிழ்ந்தது. மகளின் பொம்மை தண்ணீரில் குதித்து இவரைத் தூக்கிப் படகில் போட்டது. அடுத்த பாறையிலும் அதே கதை. அதற்கடுத்த பாறையை இவர் தேடிப்போய் மோதியதுபோல் இருந்தது.

'பரவாயில்ல. மறுபடி போலாம்' என்று எழுத்து வந்தது.

"மச்சான், நீங்க துடுப்பை விட்டுட்டு விளக்கைப் பிடிங்களேன்."

"சும்மா இருங்க மாப்ள, பிள்ளை முன்னால மானத்தை வாங்காதீங்க."

"மெதுவாப் பேசுங்க. அங்க கேட்டுடப் போகுது."

"சத்தமே வராத மெஷின்லேருந்து சத்தம் போகுமா? காது கேக்காதவன் கிட்ட ரகசியம் பேசற மாதிரி பேசறீங்களே!"

மாப்பிள்ளை அதில் ஒரு நியாயம் இருப்பதாக நினைத்துத் தலையாட்டிவிட்டு, அடுத்த கமாண்டை அடிக்கப் போனார்.

பல்செட்காரர் துடுப்புப் போட்டுக்கொண்டே பேசினார். மனது இளகிப் போயிருந்தது. இளகினால் அவருக்கு வாய் நிற்காது.

"முன்னல்லாம் ஒரு தடவை மோதினாலே கேமை மூடிட்டுப் போயிடுவா. இந்த ஒரு வருஷமா ஆளே மாறிட்டா மாப்ள. விளக்கை என் பக்கமாவே பிடிக்கிறா. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு கேக்கறா. நான் எத்தனை தடவை கவுத்தாலும் ஒரு வார்த்தை சொல்றதில்ல."

"வயசு வந்தா பொறுப்பு வரும் மச்சான்."

"இவ அம்மா கிட்ட இந்தப் பொறுமையில கால்வாசி இருந்திருந்தா நான் ஏன் வீட்டை விட்டு வரப்போறேன்? ஒரு டம்ளரை இடம் மாத்தி வச்சாக்கூட அன்னிக்கு முழுக்கப் பாட்டுதான். கல்லு மனசு மாப்ள அவளுக்கு. நான் கிளம்பி வந்த அன்னிக்கு வாசல் வரைக்கும்கூட வரல. இந்தப் படகுல எதிர்ல அவ உக்காந்திருந்தான்னு வைங்க, பாறையே வேணாம், நானே தண்ணில குதிச்சிடுவேன்!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். மாப்பிள்ளையும் மரியாதைக்குச் சிரித்தார்.

திரையில் விளக்கு தாழ்ந்தது. மகளின் பொம்மை அசையாமல் நின்றது. அதன் கையிலிருந்த விளக்கு படகின் பலகையில் சரிந்து கிடந்தது.

'என்னாச்சு பாப்பா?' என்று பல்செட்காரர் அடித்தார். பதில் வரவில்லை. மறுபடி அடித்தார். படகு தானாக ஒரு வட்டம் போட்டது.

"ஹேங் ஆயிடுச்சு மாப்ள! நல்லாப் போயிட்டிருந்தது, கெடுத்துட்டீங்க!"

"லினக்ஸ் ஹேங் ஆகாது மச்சான். அலை அசையுது பாருங்க. அந்தப் பக்கம்தான் யாரும் தொடல."

"அப்போ அவ எழுந்து போயிட்டா. எத்தனை தடவைதான் கவுப்பேன், வெறுத்துப் போயிட்டா." அவர் கீபோர்டைத் தள்ளி வைத்தார். "அடுத்த வாரம் வரமாட்டா மாப்ள. எனக்கு வேற யாரு இருக்கா?"

மாப்பிள்ளைக்குப் பயமாகிவிட்டது. கம்ப்யூட்டரின் பின்பக்கம் குனிந்து வயர்களைப் பார்த்தார், செட்டிங்கைப் பார்த்தார், பிறகு தலையில் கைவைத்துக்கொண்டார்.

"சத்தமெல்லாம் மானிட்டருக்குப் போயிட்டிருந்திருக்கு மச்சான். மானிட்டர்ல ஸ்பீக்கரே கிடையாது!"

ஒரு க்ளிக். அறை முழுக்கக் கடல் இரைந்தது. தூரத்தில் சங்கு ஊதியது. அதற்கும் அப்பால், எந்தக் கடலிலும் இல்லாத ஒரு சத்தம், ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. நாற்காலி இழுபட்டது. யாரோ மைக்கின் அருகில் மூச்சு விட்டார்கள்.

"அப்பா" என்றது மகளின் குரல்.

பல்செட்காரர் துள்ளி எழுந்தார். "பாப்பா! உன் குரல் கேக்குதும்மா! ஒரு வருஷமா டைப் பண்ணியே கொன்னியே! சத்தம் வந்துடுச்சு மாப்ள! ஏம்மா, நான் பேசறது உனக்குக் கேக்குதா?"

"நீங்க படகுல ஏறினதுலேருந்தே உங்க மைக் திறந்துதான் இருக்கு, எல்லாமே கேக்குதுப்பா."

"அப்படியா? அப்போ ஏன் ஒண்ணுமே சொல்லல நீ?"



"நான் இந்த கேமை விட்டு ஒரு வருஷமாச்சுப்பா, நீங்க தனியா காத்துக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாதுன்னு வாரா வாரம் என் பேர்ல உங்ககூடப் படகுல வந்தது அம்மா."