விளையாட்டுக்கு அல்லாத கிராபிக்ஸ் கார்ட்

இனிமேல் என் கம்பியூட்டருக்குள் என்ன இருக்கவேண்டும் என்பதை நானே தீர்மானிப்பேன். ஒரு திங்கட்கிழமை காலை, லண்டன் மோர்டனில் உள்ள என் வீட்டின் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால், வாய் நிறையப் பற்பசையோடு இந்தப் பிரகடனத்தைச் செய்தேன். கண்ணாடியில் நின்றவர் மறுக்கவில்லை. எனக்கு இப்படி ஆதரவு கிடைப்பது அபூர்வம்.

என் பெயர் தில்லையம்பலம். பார்சல் கம்பனியில் சூப்பர்வைசர். அங்கே நாற்பது பேர் என் சொல்லைக் கேட்கிறார்கள். வீட்டில் மனைவி சுவர்ணா ஒருத்திதான். அவள் சொல்ல நான் கேட்கிறேன்.

வாரநாட்களில்தான் பார்சல். சனிக்கிழமைகளில் நான் கலைஞன். எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் பழைய வீடியோ கசெற்றுகளைக் கம்பியூட்டரில் ஏற்றி, புள்ளி விழுந்த முகங்களைத் துப்புரவாக்குகிறேன். கம்பியூட்டரில் படம் காட்டும் என் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒன்பது வயது. ஒரு மணித்தியாலக் கசெற்றுக்கு அது பதினொரு மணித்தியாலம் எடுக்கும். நடுவில் இரண்டு தரம் விறைத்துப்போய் நிற்கும். தட்டி எழுப்ப ஆள் வேண்டும். அந்த ஆள் நான். ஜூனில் சங்கத்தின் ஆண்டுவிழா. இன்னும் முப்பத்திரண்டு கசெற் கிடக்கிறது.

வாயைக் கொப்பளித்துவிட்டுக் கீழே இறங்கினேன். சுவர்ணா குசினியில் சாப்பாட்டுப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"சுவர்ணா, நான் கிராபிக்ஸ் கார்ட் மாத்தப்போறன்."

"அது பெடியள் கேம் விளையாட வைச்சிருக்கிற சாமானல்லோ?"

"ஓம். ஆனா நான் விளையாடப்போறதில்லை."

"விளையாடாத மனிசனுக்கு விளையாட்டுச் சாமான் எதுக்கு?"

"இஞ்ச பாரும், நான் விளையாட்டுக்குச் சொல்லேல்லை."

"நானும் விளையாட்டுக்குக் கேக்கேல்லை. இப்ப படம் தெரியேல்லையோ?"

"தெரியுது."

"பிறகென்ன?"

"கெதியாத் தெரியவேணும்!"

"நீங்கள் எந்த வேலையைக் கெதியாச் செய்தனீங்கள்? பின்கதவுப் பூட்டு மாத்த ஆள் பிடிக்கவே எட்டு மாசம். கம்பியூட்டர் மட்டும் பறக்கவேணுமோ?"

"அது வேறை, இது வேறை."

"இருக்கிறது காணும், போதும். வேண்டாம்."

வேண்டாம். இந்த ஒரு சொல்லில் தட்டுப்பட்டு என் எத்தனையோ திட்டங்கள் குப்புற விழுந்திருக்கின்றன. தோட்டத்தில் கோழி வளர்க்கும் திட்டம். தாடி வளர்க்கும் திட்டம். இரண்டுமே வளரவில்லை. ஆனால் இம்முறை விடுவதாயில்லை. ஒரு மனிதன் கோழி இல்லாமல் வாழலாம். மரியாதை இல்லாமல் வாழ ஏலாது.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் நேரே பக்கத்து ஊரான சட்டனுக்குப் போனேன். அங்கே றூபன் கம்பியூட்டர் கடை வைத்திருக்கிறான். பொய் சொல்லத் தெரியாத வியாபாரி. அதனாலேயே கடை இன்னும் சின்னனாகத்தான் இருக்கிறது.

"அண்ணை, கடிதம் அடிக்க, பேப்பர் வாசிக்க எண்டால் உங்கட பழசே காணும். புதுசு போட்டாலும் எழுத்துப்பிழை திருந்தாது."

"நான் வீடியோ துப்புரவாக்கிறன் தம்பி."

"அப்ப கதை வேறை. அந்த வேலை முழுக்கக் கார்டின்ர தலையிலதான். பதினொரு மணித்தியாலம் அரை மணித்தியாலமா இறங்கும். ஆனா பவர் சப்ளையும் மாத்தவேணும். இது கரண்ட் கூடக் குடிக்கும்."

"குடிக்கட்டும். எங்கட வீட்டில ஒருத்தராவது குடிக்கட்டும்."

உள்ளே போய் ஒரு பெட்டியோடு வந்தான். என் முழங்கையளவு நீளம். பெட்டியை மேசையில் வைத்தவன் கையை எடுக்கவில்லை.

"அண்ணை, வீட்டில அக்கா ஓமெண்டு சொன்னவாவோ?"

"அக்காவோ? எடு தம்பி கையை!"

வாங்கினேன். ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வரும் வழியெல்லாம் சண்டைக்கு வசனம் தயாரித்தேன். கதவைத் திறந்ததும் பெட்டியைக் குசினி மேசையில் தொப்பென்று வைத்தேன்.

"வாங்கிட்டியளோ?" என்றாள் சுவர்ணா. "நல்லது."

"நான் திருப்பிக் குடுக்கமாட்டன்!"

"ஆர் குடுக்கச் சொன்னது?"

"நீர் என்ன சொன்னாலும் நான் கேக்கமாட்டன்!"

"நான் ஒண்டும் சொல்லேல்லையே. தேத்தண்ணி போடட்டோ?"

ஒரு ரயில் பயணம் முழுக்கத் தயாரித்த வசனங்கள் வீணாய்ப் போயின. தேத்தண்ணியைக்கூட முறைப்பாகத்தான் குடித்தேன்.

அடுத்த நாள் பவர் சப்ளையையும் மாற்றி, கார்டைக் கம்பியூட்டருக்குள் பூட்டினேன். சுவர்ணா தானாக வந்து பக்கத்தில் நின்று ரோர்ச் லைற் அடித்தாள். கடைசி ஆணியை இறுக்கிவிட்டு, "இனி டிரைவர் போடவேணும்" என்றேன்.

"டிரைவரோ? அது நானல்லோ."

உண்மைதான். லண்டனில் ஐந்து தரம் லைசென்ஸ் எடுக்கப் போய் ஐந்து தரமும் நடந்து வந்தவன் நான். இது கார்டை இயக்கும் மென்பொருள், வேறு டிரைவர் என்று விளக்கினேன். பிறகு 1996ஆம் ஆண்டு ஒன்றுகூடல் கசெற்றை ஓடவிட்டோம். இருபத்தாறு நிமிடம்! கிரிக்கெற் அணியில் பதினொரு பேருக்கும் முகம் வந்துவிட்டது. அதில் எட்டுப் பேருக்குத் தலைமயிரும் இருந்தது. நான் கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினேன்.

"நடுவில நிக்காதோ?" என்று கேட்டாள் சுவர்ணா.

"நிக்கவே நிக்காது!"

"பக்கத்தில ஆள் இருக்கவேணுமோ?"

"பக்கத்திலயோ? வீட்டிலயே ஆள் இருக்கத் தேவையில்லை!"

இந்த வசனம் எனக்கு நன்றாகப் பிடித்துப்போனதால் இன்னொரு தரமும் சொன்னேன். நெஞ்சில் கையை வைத்து.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சுவர்ணா கார்ச் சாவியோடு அறை வாசலில் நின்றாள்.

"வெளிக்கிடுங்கோ. அக்கா வீட்டை போவம்."

சுவர்ணாவின் அக்கா வீடு செவன் கிங்ஸில். நாங்கள் இருப்பது லண்டனின் ஒரு மூலை, அது மற்ற மூலை. தூரத்தைத் தாங்கலாம். அங்கே இருக்கும் அக்காவின் கணவர் சிவானந்தன் அத்தானைத் தாங்க ஏலாது. அவர் வீட்டுக் கூரைக்குள் ஒரு லொஃப்ட் அறை கட்டியவர். கட்டி இருபது வருடமாகிறது. இன்னும் கட்டிய கதை முடியவில்லை.

"எனக்குக் கசெற் வேலை கிடக்குதே!"

"ஓட விட்டிட்டு வாங்கோ. வீட்டில ஆள் இருக்கத் தேவையில்லையாம்."

"ஆர் சொன்னது?"

"நீங்கள். ரெண்டு தரம்."

போனேன். சிவானந்தன் அத்தான் என்னை ஏணியில் ஏற்றினார். ஒவ்வொரு மரச்சட்டத்தையும் தட்டித் தட்டி அறிமுகம் செய்தார். யன்னல் பிடியைத் திறந்து காட்டினார். மூடிக் காட்டினார். திறந்ததும் மூடியதும் ஒரே பிடிதான் என்று விளக்கினார். நான்கு மணித்தியாலம். பழைய கார்ட்கூட இத்தனை தரம் விறைத்ததில்லை, நான் விறைத்தேன். இறங்கும்போது அவர் ஒரு பெரிய பையைத் திறந்தார்.

"தம்பி, உம்மட கம்பியூட்டர் இப்ப பறக்குதாம். சுவர்ணா சொன்னவா. லொஃப்ட் கட்டினது முழுக்கப் படம் பிடிச்சனான். பதினாலு கசெற்."

"தாங்கோ அத்தான், எல்லாத்தையும் கொண்டுபோறன்."

"சீச்சீ, கரைச்சல்படாதையும். சனிக்கிழமைக்கு ஒண்டா வந்து எடும். இருந்து பாத்துக் கதைக்கலாம்."

திரும்பி வரும்போது பிளாக்வோல் சுரங்கப்பாதைக்குள் கணக்குப் பார்த்தேன். பதினான்கு சனிக்கிழமை. ஜூனைத் தாண்டி ஓகஸ்டில் போய் நின்றது. சுவர்ணா பாட்டு முணுமுணுத்துக்கொண்டு கார் ஓட்டினாள்.

நான் அடங்கிப்போகிற ஆள் இல்லை. திங்கட்கிழமையே கார்டைக் கழற்றினேன். வேலைக்கு லீவு போட்டேன். சட்டனில் றூபனின் மேசையில் பெட்டியைத் தொப்பென்று வைத்தேன்.

"இது பிழை. திருப்பி எடு."

"என்னண்ணை பிழை?"

"கெதியா வேலை செய்யுது."

றூபன் என்னைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். கதிரையை இழுத்துப் போட்டான்.

"இருங்கோ அண்ணை. கோவிக்கக் கூடாது. நீங்கள் கொண்டுவந்தால் திருப்பி எடுக்கவேண்டாமெண்டு அக்கா சொன்னவா."

"எந்த அக்கா?"

"சுவர்ணாக்கா. போன மாசம் கடைக்கு வந்தவா. என்ன கார்ட் போட்டால் உங்கட வேலை அரை மணித்தியாலத்தில முடியுமெண்டு விசாரிச்சு, இதைத்தான் எடுத்து வைக்கச் சொன்னவா."

"விசர்க்கதை கதையாதை! அவாதானே வேண்டாமெண்டவா!"

"ஓமண்ணை. வேண்டாமெண்டு சொன்னால்தான் நீங்கள் வாங்குவியளாம்."

கார்டைத் தூக்கிக் கமக்கட்டுக்குள் வைத்தேன். நெஞ்சை நிமிர்த்தினேன்.

"தம்பி, நல்லாக் கேள். என்னை ஒருத்தராலயும் ஆட்டி வைக்க ஏலாது. இந்தத் தில்லையம்பலம் அடுத்து என்ன செய்வான் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது!"

"ஓமண்ணை, உண்மைதான்," என்றான் றூபன். "போன திங்கட்கிழமை அக்கா போன் எடுத்து, நீங்கள் செவ்வாய்க்கிழமையே வந்து வாங்குவியள் எண்டு சொன்னவா. வியாழக்கிழமை வரைக்கும் எங்களைக் காக்க வைச்சிட்டியளே."