வியாழக்கிழமைக்கு வாங்கிய தொளதொள பேண்ட்

இந்தத் தடவை மசியக்கூடாது என்று முடிவு கட்டினேன். ஆண்மகனுக்கு ஒரே பேச்சு. என் பேச்சு: "முடியாது."

எங்கள் கிக்குயு இனத்து ஜனங்கள் பிள்ளைக்குப் பெயர் தேடி அலைவதில்லை. முதல் பையனுக்குப் புருஷனுடைய அப்பா பெயர். முதல் பெண்ணுக்குப் புருஷனுடைய அம்மா பெயர். பெண்டாட்டி வீட்டுப் பெயர்கள் அடுத்த சுற்றில்தான் வரும். யார் பெயரை வைக்கிறோமோ, அவரே பிள்ளையாகத் திரும்பி வந்துவிட்டதாகக் கணக்கு. எங்களுக்குப் பையன் பிறந்தான், கமோத்தோ, என் அப்பா. பெண் பிறந்தாள், வச்சேரா, என் அம்மா. இரண்டு போதும் என்று இருவரும் பேசித்தான் நான் ஆஸ்பத்திரிக்குப் போய்க் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டேன். என் வீட்டு ஆட்கள் ஏறியதும் பஸ் கதவைச் சாத்திவிட்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை. என் மனைவி வமூயுவும் எட்டு வருஷமாக அதைச் சொல்லிக்காட்டவில்லை.

போன மழைக்காலத்தில் அவளுடைய அம்மா நியாக்கியோ இறந்துபோனார்.

"கமோத்தோ அப்பா, உங்கப்பா பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கிட்டு இந்த வீட்ல திரியறாரு. உங்கம்மா, உகாலிக் களி கட்டி தட்டிப்போச்சுன்னு இன்னிக்கும் என்கிட்ட குறை சொல்றாங்க. எங்கம்மா எங்கே?"

"மேல இருக்காங்க, வமூயு."

"எனக்குக் கீழ வேணும்."

அவள் கண் கலங்கிவிட்டது.

"ஒரு பொண்ணைத் தத்தெடுத்துக்கலாமா?" என்றாள்.

"யாரோ பெத்ததுக்கு உங்கம்மா பேரா? எங்க குலத்துல சிரிப்பாங்க. முடியாது."

"சரி, உங்க ரத்தம்தானே வேணும்? டாக்டரைப் பார்ப்போம்."

அந்த "சரி"யிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். வமூயு கராத்தினா சந்தையில் பழைய துணி விற்பவள். பின்னால் தையல் மிஷினோடு உட்கார்ந்து கை குட்டை, கால் நீளம் பார்த்துக் கொடுப்பவன் நான். எவனாவது ஸ்வெட்டர் கேட்டு வந்தால், அவள் முதலில் ஒரு பெரிய தோல் கோட்டைத்தான் மாட்டிவிடுவாள். "ஆஹா, கல்யாண மாப்பிள்ளையாட்டம் இருக்கு!" அவன் வியர்த்து விறுவிறுத்து, "ஆளை விடும்மா, அந்த ஸ்வெட்டரையே கொடு" என்று தானே கேட்டு வாங்கிப் போவான். இப்படியும் ஒருத்தன் ஏமாறுவானா என்று மிஷினுக்குப் பின்னால் சிரித்துக்கொள்வேன்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "வெட்டின குழாயை மறுபடி இணைச்சுத் தைக்கலாம். எட்டு வருஷம் ஆனதால நிச்சயம்னு சொல்ல மாட்டேன், ஆனா வாய்ப்பு இருக்கு. இல்லைன்னா ஊசி போட்டு விந்தணுவை எடுத்து, வெளியிலேயே கரு உண்டாக்கி வயித்துல வைக்கலாம். வேற ஒருத்தர் தானமா கொடுத்ததை வெச்சும் பார்க்கலாம். தத்தெடுக்கறதும் ஒரு வழிதான்."

"தையல்னா எப்படிங்க டாக்டர்?" வமூயு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"தலைமுடியை விட மெல்லிசான நூல். மைக்ரோஸ்கோப் வெச்சுத் தைப்போம். மயக்க மருந்து கொடுத்துடுவோம், வலிக்காது."

"கேட்டீங்களா? உங்களாலகூட அப்படித் தைக்க முடியாது!"

நான் தையல்காரன். ஒரு தடவை வெட்டின துணியை மறுபடி ஒட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

"வியாழக்கிழமை," என்றாள் வீட்டுக்கு வந்து. அதோடு விட்டாளா? தொளதொளவென்று ஒரு பேண்ட்டைக் கொண்டுவந்தாள்.

"இது எதுக்கு?"

"காத்தோட்டமா இருக்கும். கொஞ்ச நாள் இறுக்கமா எதுவும் போடக்கூடாதாம்."

எலும்பு சூப் வைத்தாள். "நல்லாக் குடிங்க, ரத்தம் போனாலும் போகும்" என்றாள். பக்கத்துக் கடைக்காரன் முரீத்தி என்னைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டான். "வீரன்யா நீ! எங்க வீட்ல சொல்லிடாதே."

செவ்வாய்க்கிழமை என் கத்தரிக்கோலைப் பார்க்கவே பயமாக இருந்தது. புதன்கிழமை துணியோடு சேர்த்து விரலையும் தைத்துக்கொண்டேன். ஒரு ஊசிக்கே உயிர் போயிற்று.

"வமூயு, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லுங்க."

"ரத்தம் ரத்தம்னு ஏன் அடிச்சுக்கணும்? பாவம், பெத்தவங்க இல்லாத புள்ளைங்க எத்தனையோ இருக்கு. தத்தெடுத்துக்கலாமே!"

"சேச்சே, உங்க குலத்துல சிரிப்பாங்க."

"சிரிச்சா பல்லு தெரியட்டும்! நான் வந்து கையெழுத்துப் போடறேன், கெஞ்சிக் கேட்டுக்கறேன்!"

அவள் சூப் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள். "நீங்க இவ்வளவு தூரம் கேக்கறதால," என்றாள்.

வியாழக்கிழமை குழந்தைகள் இல்லத்துக்காக நியேரி போகும் வண்டியில் உட்கார்ந்தபோதுதான் நினைவு வந்தது. "ஐயையோ, ஆஸ்பத்திரிக்கு வரலைன்னு சொல்லலையே!"

"எந்த ஆஸ்பத்திரி? அங்க நாளே குறிக்கலையே. வியாழக்கிழமை வரச் சொன்னது குழந்தைங்க இல்லம்தான்."

என் மேல் தோல் கோட்டு ஏதாவது இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன்.

இல்லத்தில் ஒரு பொடிசு தடதடவென்று ஓடி வந்து வமூயுவின் காலைக் கட்டிக்கொண்டது. "வாங்க! வாராவாரம் வந்து கொஞ்சிட்டுப் போனா போதுமா? புருஷனைக் கூட்டிட்டு வந்தாத்தான் மேற்கொண்டு பேச முடியும்னு சொல்லிட்டே இருக்கேன்," என்றார் அந்த இல்லத்துக்காரம்மா.

வமூயு குழந்தையைத் தூக்கி, கழுத்தில் முகத்தைப் புதைத்து, "அம்மா" என்றாள். "எனக்கு இன்னொரு தடவை பிள்ளை பெத்தாகணும்னு இல்லைங்க. இப்படிக் கூப்பிட ஒருத்தி இருந்தாப் போதும்."

உண்மையைச் சொன்னால் நானும் அழுதேன். ஊசி குத்தின விரலைச் சாக்காகக் காட்டினேன்.

கோர்ட்டு வேலையெல்லாம் முடிந்து இப்போது நியாக்கியோ எங்கள் வீட்டில். எங்கள் வழக்கப்படி மாமியார் முன்னால் மருமகன் காலை நீட்டி உட்காரக்கூடாது, குரலை உயர்த்தக்கூடாது. என் மாமியார் என் முதுகில் ஏறி உட்கார்ந்து, "கழுதை, போ!" என்கிறார். நான் நாலு காலில் வீட்டைச் சுற்றி வருகிறேன்.

"ஒண்ணு சொல்லணும் வமூயு. அந்தத் தொளதொள பேண்ட் இதுக்கு ரொம்ப வசதி."

அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "பின்ன, எதுக்கு வாங்கினேன்னு நினைச்சீங்க?"