வெங்கச்சங்கல்லுக்கு மாலை விழுந்த விவரம்

கோவில்பட்டி

அன்புள்ள தம்பி காசிராஜனுக்கு, அக்காள் கல்யாணசுந்தரி எழுதுவது. இங்கு, என் முழங்கால் தவிர யாவும் நலம். அங்கும், உன் கோபம் தவிர யாவும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

உன் மகள் ப்ரியதர்ஷினி, என் வீட்டில் தங்கிச் செய்யும் பாறை ஆராய்ச்சியை விட்டுவிட்டுத் தை மாதத்துக்குள் கழுத்தை நீட்ட வேண்டும் என்றும், கரிசக்காட்டில் எவளாவது மலையைத் தேடுவாளா என்றும் எழுதியிருந்தாய். தேடுவாள். இங்கே ஒரு காலத்தில் மலை எழும்பியது. தேய்ந்து தேய்ந்து இப்போது அடிப்பாறைதான் மிச்சம். மலை எழும்புகையில் பாறைகள் மடங்கி நெருக்குண்டபோது, ஆழத்தில் அகப்பட்ட வெந்நீர் போக்கிடமின்றி அழுத்தம் ஏறி, பாறையையே பிளந்துகொண்டு ஓடியது. தன்னில் கரைந்திருந்ததைப் போன வழியெல்லாம் படியவிட்டது. அதுதான் நாம் வரப்போரம் பொறுக்கி எறியும் வெள்ளைக் கல், வெங்கச்சங்கல். கணிதம் மட்டுமே படித்த எனக்கு, ஒரு டம்ளர் காப்பி ஆறுவதற்குள் இதைப் புரியவைத்தாள்.

சென்ற வாரம் ஊருக்கு மேற்கே ஒரு பாறையில் அகலமான வெள்ளை வரியைக் கண்டு, குப்புறப் படுத்து லென்ஸ் வைத்துப் பார்த்து, வடக்கு நோக்கி ஓர் அம்பும் பக்கத்தில் ஓர் எண்ணும் சிவப்புப் பெயிண்டால் எழுதிவிட்டு வந்தாள். மறுநாள் சுத்தியலோடு போனால் பாறைக்கு மஞ்சள், சந்தனம், அரளி மாலை, காவலுக்கு முத்துத்தாய் என்று ஆடு மேய்க்கிற ஓர் அம்மாள். அந்தக் கல் துண்டு இல்லையேல் ஆய்வேடு இல்லை.

"ஏட்டி, சாமி மேலயா சுத்தியல ஓங்குதே? நேத்து ஒரு பொம்பளப் பிள்ளை விழுந்து கும்பிட்டு, அம்பு போட்டு, நம்பரும் போட்டுட்டுப் போயிருக்கு, தெரியுமா?"

"அது நான்தான் பெரியம்மா."

உன் மகள் கோபப்படவில்லை. அந்தக் குணம் உன்னிடமிருந்து வந்ததன்று. அங்கேயே உட்கார்ந்து வெந்நீர்க் கதை முழுவதையும் சொன்னாள்.

"அப்ப இங்கன தண்ணி ஓடியிருக்குன்னு சொல்லுதே."

"ஓடுச்சு. கோடிக்கணக்கான வருசத்துக்கு முன்னாடி."

"நாமதான் பிந்திட்டோம்" என்ற அந்த அம்மாள், "கீழ்ப்பக்கமா உடச்சுக்கோ, சந்தனம் கலையாம" என்று மாலையைத் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டாராம்.

நம் குடும்பத்தில் தீப்பெட்டி விற்றவர்கள் உண்டு, வழக்காடித் தோற்றவர்கள் உண்டு. சாமியிடமே பேசிப் பங்கு வாங்கி வந்தவள் இவள் ஒருத்திதான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அதை அவளிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

மற்றபடி, அவள் உன் மகள், முடிவு உன்னுடையது. பிறர் வீட்டு விவகாரத்தில் தலையிடுவது என் வழக்கமன்று. உனக்கும் உன் மனைவி சுதாராணிக்கும் தீர்க்காயுளும், உனக்கு மட்டும் கூடுதலாகச் சற்று நிதானமும் வாய்க்க ஆசீர்வதிக்கும்,

அக்காள்

பின்குறிப்பு: நீ பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கு நேற்றே போன் போட்டேன். பெண், பாறைக்குள் தண்ணீர் போன தடம் பார்க்கிறவள் என்றதும் பையனின் தாயார், "ரொம்ப நல்லதாப் போச்சு, வந்ததும் நம்ம தோட்டத்துல போர் போட இடம் பாக்கச் சொல்லுங்க, எங்க போட்டாலும் புழுதிதான் வருது" என்றார். சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ சொன்னதாகவே சொன்னேன்.