கடற்காற்று வைத்தியம்

நிக்கோபாரின் கட்சால் தீவில் ஆடுகளுக்கு அயோடின் குறைவு கிடையாது. இது மேலிடத்து முடிவு. தகவல் ஆடுகளுக்கு மட்டும்தான் இன்னும் போய்ச் சேரவில்லை.

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் ஒச்சம்மாவின் ஆடு, போன ஈத்தில் இரண்டு குட்டி போட்டது. இரண்டும் கழுத்தில் கட்டியோடு, உடம்பில் முடியே இல்லாமல் பிறந்து, பால் குடிக்கத் தெம்பில்லாமல் செத்துப்போயின. பாவம், அழுது தீர்த்தாள். ஆடு மறுபடி சினையானதும் கால்நடை அலுவலகத்துக்கு ஓடினாள்.

அதிகாரி சிவப்பிரகாசம் நறுக்கிய கொய்யாவில் இளஞ்சிவப்பு இந்துப்பைத் தூவிக்கொண்டிருந்தார்.

“சாப், இந்தத் தடவையாவது குட்டி தங்கணும். அயோடின் பத்தாத பிமாரியா இருக்கும்னு ஹேவ்லாக் தீவுல இருக்கிற என் தம்பி சொல்றான்.”

“அம்மா, தீவைச் சுற்றி என்ன இருக்கிறது?”

“கடல், சாப்.”

“கடலில் அயோடின் இருக்கிறது. ஆகவே தீவில் குறைவு இருக்க முடியாது.”

“கழுத்து வீங்கியிருந்துச்சே?”

“வீக்கம் என்று யார் சொன்னது? அது கழுத்தின் இயல்பான விரிவு. ஆட்டைத் தினமும் கடற்கரையில் காற்று வாங்க விடுங்கள்.”

ஒச்சம்மா அப்படியே செய்தாள்.

அதிகாரி வீட்டைப் பார்த்துத் தீவே இந்துப்புக்கு மாறி வெகுநாளாகிறது. அயோடின் கலந்த ரேஷன் உப்பு கெமிக்கலாம். ஒச்சம்மாவும் மாறினாள்; ஆட்டின் கழுநீரிலும் இந்துப்பைத்தான் போட்டாள். இப்போது கப்பல் வராமல் இந்துப்புக்குத் தட்டுப்பாடு. இருந்ததை வீட்டு மனிதர்களுக்கு ஒதுக்கிவிட்டு, மூலையில் கிடந்த ரேஷன் அயோடின் உப்பை ஆட்டுக்குப் போட்டாள். வாயில்லா ஜீவன், கோபித்துக்கொள்ளாது என்று சமாதானம் வேறு.

ஆடு ஈன்றது. இரண்டு குட்டி, பளபளவென்று முடியோடு, பிறந்த கையோடு எழுந்து மடியை முட்டின. ஒச்சம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதிகாரி நேரில் வந்து பார்த்தார். இனி தீவின் சகல ஆடுகளும் கட்டாயமாகக் காற்று வாங்க வேண்டும் என்று அங்கேயே உத்தரவிட்டார். போட்டோவுக்கு நிற்கச் சட்டையின் மேல் பொத்தானைப் போடப் பார்த்தார், எட்டவில்லை.

“சாப், உங்க கழுத்து…”

“இயல்பான விரிவு,” என்றார் கரகரத்த குரலில்.

ஒச்சம்மா தலையாட்டினாள். அவளுடைய பாசிமணியும் கொஞ்ச நாளாக இறுக்கித்தான் பிடிக்கிறது. இந்தக் காலத்து நூல் எல்லாம் சுருங்கிவிடுகிறது என்று கடைக்காரனைத் திட்டி, புதிதாகக் கோத்துப் போட்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் கப்பல் வந்தது. ஒச்சம்மா முட்டிமோதி இந்துப்புப் பொட்டலம் வாங்கி வந்தாள். இவ்வளவு நல்ல குட்டி போட்ட ஆட்டுக்கு இனியும் ரேஷன் உப்பா என்று மனசு கேட்கவில்லை. முதல் கை அள்ளி அதன் கழுநீரில் போட்டாள்.