மாதிரியில் உருளாத கல்

“தண்ணியைக் கேட்டுட்டு அணை போடணும், இல்லேன்னா அணை போட்டுட்டு…” என்று எங்கள் பெரியப்பா ஒன்று சொல்வார். பின்பாதி மறந்துவிட்டது. இருபது வருஷம் வெளியூரில் இருந்தால் இப்படித்தான்.

துரைத்தனத்தார் காலத்தில், பாரிவாக்கம் ஏரி ஐப்பசிதோறும் வழிந்து வயல்களை மூழ்கடிப்பதைத் தடுக்க, உபரிக் கால்வாயின் குறுக்கே ஓர் அணை போட உத்தரவானது. சாந்து பூசாத வெறும் கற்குவியல். வெள்ளமானது கல்லிடுக்குகளில் புகுந்து, களைத்து, மெதுவாக வெளியேற வேண்டியது.

இன்ஜினீயர் பரந்தாமன் சாஸ்திரீயமானவர். முதலில் பூந்தமல்லி முகாம் ஆபீஸ் முற்றத்தில், தகரத் தொட்டிக்குள் ஒரு மாதிரி அமைத்தார். பாறைகளுக்குப் பொடிஜல்லி, வயல்களுக்குப் பச்சைத் துணி. பியூன் முனியன் பூவாளியால் வெள்ளம் வார்த்தான். உத்தியோகஸ்தர் முன்னிலையில் காட்டவேண்டிய மரியாதையோடு, தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது. துணி நனையவில்லை.

அணைக்குக் கீழே வயல் வைத்திருந்த வேம்புலி கேட்டான்: “நாத்து நடலாமா எசமான்?”

“துணி காய்ந்திருக்கிறது. நடு.”

அணை எழுந்தது, அவனும் நட்டான். அடைமழை பிடித்தது. உரல் உரலாகக் கிடந்த பாறைகளின் சந்தில் பூனையே நுழையலாம். வெள்ளத்துக்கு என்ன கஷ்டம்? ஒரே பாய்ச்சலாக வந்து, இருபது கற்களை உருட்டிப்போய் வேம்புலியின் வடிகாலில் அடைத்தது. இரண்டு நாளில் நீர் வடியாவிட்டால் நாற்று அழுகிவிடும்.

“முட்டிக்கால் தண்ணி நிக்குது எசமான். கல்லை எடுக்க உத்தரவு குடுங்க.”

பரந்தாமன் முனியனை அழைத்து மறுபடி வெள்ளம் விட்டுப் பார்த்தார். ஒரு ஜல்லியும் அசையவில்லை.

“எந்தக் கல்லை?”

“உருண்டு வந்த கல்லு.”

“மாதிரியில் உருளவில்லையே! உருளாத கல்லை எடுக்க சர்க்கார் எப்படி அனுமதிக்கும்?”

“அப்ப என் வயல்ல நிக்கிறது இன்னா?”

“தண்ணீர் மாதிரி ஏதோ நிற்பதாக மனு எழுதிக் கொடு. பரிசீலிக்கப்படும்.”

உத்தரவாவது மண்ணாவது என்று வேம்புலி கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு மறுநாள் காலை ஆள் சேர்க்கப் போனான். ஊரில் ஒருவரும் இல்லை. எல்லோரும் முகாம் ஆபீஸ் வாசலில், கத்திரிக்காயும் கோழியுமாக, மழையில் வரிசையாக நின்றார்கள்.

“ஜப்பார் அண்ணாத்தே, வண்டியைக் கட்டு! பத்துப் பேர் தூக்கினா அரை நாள் வேலை” என்றான், பக்கத்து வயல்காரர் அப்துல் ஜப்பாரிடம்.

“நீ வேற! எடத்தை வுட்டா போச்சு. கோழி குடுத்தா முனியன் தொட்டியில நம்ம துணிக்கு அடியில செங்கல் சில்லு வெக்கிறான். பூங்காவனத்தோட நெலம் ரெண்டு விரக்கடை ஒசந்துடுச்சு, தெரியுமா?”

“அவ நெலத்துல இடுப்பளவு தண்ணி கீதே!”

“அது அங்க. இங்க காஞ்சி கீது.”

வரிசைக் கடைசியிலிருந்து நாகவல்லி கத்தினாள்: “வழிய மறிக்காத நைனா. ஆபீஸ் மூடறதுக்குள்ள என் துணிய ஒசத்தணும்.”

வேம்புலி கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு, நாகவல்லிக்குப் பின்னால் போய் நின்றான்.